31 வாரம், பிபி ஏறிருச்சு, மதுரைக்குப் போகச் சொல்றாங்க, வீட்டுல எட்டாம் மாசம் பொறந்தா தங்காதுன்னு பயப்படுறாங்க. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

புதுவயல்_மாப்ள

எல்லாருக்கும் வணக்கம். நான் சிங்கப்பூர்ல வேலை பாக்குறேன், வீட்டுக்காரி புதுவயல்ல அவ அம்மா வீட்டுல இருக்கா. எங்களுக்கு இது முதல் பிள்ளை, இப்ப 31 வாரம் நடக்குது. போன வாரத்துல இருந்து கால் வீக்கமா இருக்குன்னு சொல்லிக்கிட்டே இருந்தா, எல்லாரும் மாசமா இருந்தா கால் வீங்கத்தான் செய்யும்னு விட்டுட்டாங்க, நேத்து காரைக்குடில செக்கப்புக்குப் போனப்ப பிபி 150/100, ஒரு மணி நேரம் படுக்க வச்சு திரும்பப் பாத்தாலும் கொறையல, யூரின்ல புரோட்டீன் ரெண்டு பிளஸ். ஸ்கேன்ல பிள்ளை 1200 கிராம்தான் இருக்குதாம், இந்த வாரத்துக்கு ஒன்றரை கிலோ பக்கம் வந்திருக்கணுமாம், தொப்புள்கொடில ரத்த ஓட்டமும் கம்மின்னு எழுதிருக்கு. டாக்டரம்மா பிபிக்கு மாத்திரை குடுத்துட்டு, இங்க வச்சுப் பாக்க வேணாம், இன்னைக்கே மதுரைக்குப் போயி அட்மிட் ஆயிருங்க, எப்ப வேணாலும் பிள்ளைய எடுக்க வேண்டி வரலாம்னு சொல்லிட்டாங்க.

வீட்டுல ஒரே குழப்பம். அப்பத்தா சொல்லுது, ஏழாம் மாசப் பிள்ளை பொழைச்சுக்கும் எட்டாம் மாசப் பிள்ளை தங்காது, எடுக்குறதா இருந்தா எட்டு பொறக்குறதுக்குள்ள எடுத்துருங்கன்னு. அயித்தை என்னடான்னா வர்ற வாரம் வளைகாப்புக்கு எல்லாரையும் அழைச்சாச்சு, பங்காளி வீட்டுக்கெல்லாம் சொல்லியாச்சு, அதை முடிச்சுட்டுப் போவோம், மதுரையில யாரைத் தெரியும், இங்க காரைக்குடியிலயே பிரசவம் பாத்துட்டு பிள்ளைக்கு ஏதாச்சும்னா அப்பறம் தூக்கிக்கிட்டுப் போவோம்ங்கிறாங்க. போன்ல அவ அழுதுக்கிட்டே இருக்கா. எனக்கு இங்க கையும் ஓடல காலும் ஓடல, லீவு கேட்டிருக்கேன். எட்டாம் மாசம் பத்தி சொல்றது உண்மையா, இந்த எடையில பிள்ளை பொழைக்குமா, எதுக்கு அவ்வளவு தூரம் மதுரை, யாராச்சும் தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

---

வார்டு_அக்கா

தம்பி, முதல்ல இதைப் படிச்சதும் வீட்டுக்குப் போனைப் போட்டு வண்டி எடுக்கச் சொல்லுங்க, மிச்சத்தை அப்பறம் படிக்கலாம். நான் பச்சப்புள்ளைக தீவிர சிகிச்சை வார்டுல ரொம்ப வருசமா நர்ஸா இருக்கேன், சொந்த ஊரு தேவகோட்டைப் பக்கம்தான்.

எட்டாம் மாச விசயத்தை முதல்ல சொல்லிடுறேன், ஏன்னா இதை வச்சு வீட்டுல தப்பா முடிவு எடுத்துறக் கூடாது. அது உண்மை இல்ல. நம்ம ஊருல மட்டும் இல்ல, ஹிப்போகிரட்டீஸ் காலத்து கிரேக்க நாட்டுலயே இந்தப் பேச்சு இருந்திருக்கு, ஆனா வார்டுல நாங்க பாக்குறது நேர் எதிர். பிள்ளை வயித்துல ஒவ்வொரு வாரம் கூட இருக்க இருக்க நுரையீரல் முத்தும், மூளைல ரத்தக் கசிவு வர்ற ஆபத்து கொறையும், பால உறிஞ்சி முழுங்கி மூச்சு விடுற மூணையும் சேத்துச் செய்யுற பக்குவம் 34 வாரத்தை ஒட்டித்தான் வரும். 28 வாரத்துப் பிள்ளைய விட 32 வாரத்துப் பிள்ளை நல்லா இருக்கும், 32ஐ விட 34 இன்னும் நல்லா இருக்கும். அப்பத்தா மேல கோவிச்சுக்காதீங்க, அவங்க காலத்துல குறைமாசத்துல பொறந்து செத்துப்போன பிள்ளைகளப் பாத்துப் பாத்து வந்த பயம் அது. ஆனா எட்டு பொறக்குறதுக்குள்ள எடுங்கன்னு போயி டாக்டர்கிட்ட நின்னுறாதீங்க.

அப்ப ஏன் டாக்டரம்மா எப்ப வேணாலும் எடுக்கலாம்ங்கிறாங்கன்னா, உங்க வீட்டுக்காரிக்கு வந்திருக்கிறது ப்ரீ-எக்லாம்ப்சியா. 20 வாரத்துக்கு அப்பறம் பிபி 140/90க்கு மேல போயி யூரின்ல புரோட்டீனும் வந்தா அந்தப் பேரு. இதோட மூலம் நஞ்சுக்கொடி. கர்ப்பம் தரிச்ச ஆரம்பத்துலயே நஞ்சு கர்ப்பப்பையோட ரத்தக் குழாயில சரியா வேர் விடாமப் போயிருது, மடை அடைஞ்ச வயக்காடு மாதிரி பிள்ளைக்கு ரத்தமும் சத்தும் கொறைவாத்தான் போகும், அதான் எடை கம்மி, அதான் தொப்புள்கொடில ஓட்டம் கம்மி. அந்த நஞ்சுல இருந்து வர்ற சமாச்சாரம் அம்மாவோட ரத்தக் குழாயெல்லாம் கெடுக்குது, கிட்னி, ஈரல், மூளை எல்லாத்துக்கும் போகும், வலிப்பு வரலாம். மாத்திரை பிபியத்தான் கொறைக்கும், நோயைக் கொறைக்காது. நஞ்சு வெளிய வந்தாத்தான் நோய் இறங்க ஆரம்பிக்கும். அதனால டாக்டருக்கு ரெண்டு பக்கமும் கணக்கு இருக்கு, உள்ள இருந்தா பிள்ளை முத்தும், ஆனா உள்ள இருக்குற இடம் எத்தனை நாளைக்குத் தாங்கும்னு பாக்கணும். அம்மாவுக்குக் கட்டுக்குள்ள இருந்தா 34 வாரம் வரைக்கும், அதுக்கு மேலயும் கூட இழுத்துப் பாப்பாங்க. பிபி 160/110 தாண்டி அடங்கலைன்னாலோ, டாப்ளர் ஸ்கேன்ல கொடில ரத்தம் பின்னாடி திரும்புதுன்னு வந்தாலோ, வாரம் பாக்காம எடுத்துருவாங்க. இந்தக் கணக்கை வீட்டுல உக்காந்துக்கிட்டு யாரும் போட முடியாது, தினமும் பாக்குற இடத்துல இருக்கணும்.

இப்ப ஏன் மதுரைங்கிறது. அயித்தை சொல்ற மாதிரி இங்க பெத்துட்டு அப்பறம் தூக்கிட்டுப் போறதுங்கிறதுதான் தம்பி நான் ரொம்பப் பயப்படுற ஒண்ணு. 1200 கிராம் பிள்ளைக்குத் தோலுக்கு அடியில கொழுப்பே இருக்காது, ஒரு துணியில சுத்தி ரெண்டு மணி நேரம் வண்டியில வந்தா உடம்பு சில்லுன்னு ஆயிரும். சூடு கொறைஞ்சா சர்க்கரை கொறையும், சர்க்கரை கொறைஞ்சா மூச்சு கெடும், ஒண்ணு ஒண்ணாச் சரியும். எங்க வார்டுக்கு வெளிய இருந்து வர்ற பிள்ளைகள்ல காலைத் தொட்டா ஐஸ் மாதிரி இருக்குறத எத்தனையோ தடவை பாத்துட்டேன், அதுகள மீட்டுக் கொண்டுவர்றதுதான் கஷ்டம். பிள்ளைய ஏத்திக்கிட்டுப் போக அம்மா வயித்தை விட நல்ல வண்டி கெடையாது. வயித்துல இருக்கும்போதே அம்மாவ ஏத்திட்டு, பிள்ளை டாக்டர், மூச்சு மெசின், ரத்த வங்கி எல்லாம் ஒரே கட்டடத்துல இருக்குற இடத்துல கொண்டு போய் இறக்கிருங்க. மதுரைன்னு எழுதிக் குடுத்திருந்தா மதுரை. போற வழியில தாங்காதுன்னு தோணுச்சுன்னா சிவகங்கை மெடிக்கல் காலேஜும் இருக்கு, புதுக்கோட்டையிலயும் இருக்கு, ஆனா அதை 108 ஆளும் டாக்டரும் முடிவு பண்ணட்டும்.

இன்னொண்ணு முக்கியம். போனதும் நுரையீரல் முத்துற ஊசி போட்டாச்சான்னு கேளுங்க. டெக்ஸாமெத்தசோன், 12 மணி நேரத்துக்கு ஒண்ணா 4 ஊசி, அம்மாவுக்குத்தான் போடுவாங்க, பிள்ளைக்குப் போயிச் சேரும். 1972லயே நியூசிலாந்துல லிக்கின்ஸ், ஹோவின்னு ரெண்டு டாக்டருங்க இதைக் கண்டுபிடிச்சு எழுதிட்டாங்க, 2020ல உலக சுகாதார நிறுவனம் நம்ம நாட்டையும் சேத்து 5 நாட்டுல செஞ்ச ஆய்வுலயும் குறைமாசப் பிள்ளைக சாவு இதனால கொறையுதுன்னு வந்துச்சு. அது முழுசா வேலை செய்ய ஒண்ணு ரெண்டு நாள் வேணும். அதனாலதான் இன்னைக்கே போங்கன்னு அடிச்சுச் சொல்றேன், வளைகாப்பு முடிச்சுட்டுப் போனா அந்த ரெண்டு நாள் கெடைக்காமப் போயிரும்.

பொழைக்குமான்னு கேட்டீங்க. யாரும் சத்தியம் பண்ண முடியாது. ஆனா 31, 32 வாரத்துப் பிள்ளை, ஊசி போட்டு, நல்ல யூனிட்டுல பொறந்துச்சுன்னா பெரும்பாலும் பொழைச்சுருதுக, இதைத் தைரியமா சொல்றேன். 2020 அரசு கணக்குல நாடு முழுக்க ஆயிரம் பிள்ளை பொறந்தா முதல் 28 நாளுக்குள்ள 20 போயிருது, தமிழ்நாட்டுல 9. அந்த வித்தியாசம் எதுனால வந்துச்சுன்னா சரியான இடத்துல பிரசவம் நடக்குறதுனாலயும் பிள்ளை வார்டுக மாவட்டத்துக்கு மாவட்டம் வந்ததுனாலயும்தான். அதைப் பயன்படுத்திக்கங்க.

---

திருப்பத்தூர்_ராசு

தம்பி, அக்கா சொன்னதுக்கு மேல மருத்துவம் எனக்குத் தெரியாது, போக்குவரத்து சொல்றேன். சொந்தக் கார்ல கூட்டிட்டுப் போகாதீங்க, 108 கூப்புடுங்க, வழியில வலிப்பு வந்தா அதுல ஆக்சிசனும் ஆளும் இருக்கும், கார்ல என்ன பண்ணுவீங்க. காரைக்குடில இருந்து திருப்பத்தூர், மேலூர் வழியா மதுரை ஏறக்குறைய 90 கிலோமீட்டர். காரைக்குடி டாக்டரம்மாகிட்ட ரெஃபரல் சீட்டு கண்டிப்பா வாங்கிக்கங்க, அதுல என்னென்ன மாத்திரை எத்தனை மணிக்குக் குடுத்தாங்கன்னு எழுதச் சொல்லுங்க, முன்கூட்டியே அங்க போன் பண்ணிச் சொல்லவும் சொல்லுங்க.

கையில எடுத்துக்க வேண்டியது, ஸ்கேன் எல்லாம், பிங்க் கலரோ என்ன கலரோ அந்தத் தாய் சேய் அட்டை, கர்ப்பத்தைப் பதிஞ்சப்ப குடுத்த பிக்மி நம்பர், ஆதார், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை. பிக்மி நம்பர் இல்லாம நம்ம ஊர்ல பிறப்புச் சான்று வாங்க முடியாது, மாசமா இருக்குறவங்களுக்கு அரசாங்கம் குடுக்குற முத்துலட்சுமி ரெட்டி திட்டத்துப் பணத்துக்கும் அதுதான் வேணும். கிராம நர்ஸம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்க, அவங்க பேசுனா அங்க சுலபமா நடக்கும். கவர்மெண்ட்டு ஆஸ்பத்திரில அம்மாவுக்கும் பிள்ளைக்கும் மருந்து, டெஸ்ட், சாப்பாடு எல்லாம் இலவசம், குறைமாசப் பிள்ளைக்குத் தனியார்ல நாள் ஆக ஆக பில்லு எங்கயோ போயிரும், அதையும் யோசிச்சுக்கங்க. ரத்தம் குடுக்க ரெண்டு ஆம்பளைய கூட அனுப்புங்க.

---

கோட்டையூர்க்காரி

அண்ணே உங்க பதிவைப் படிச்சதும் நெஞ்சே அடைச்சிருச்சு, எனக்கும் இதே கதைதான். 32 வாரத்துல பிபி ஏறி ஆபரேசன், பொம்பளப்புள்ள, 1250 கிராம். இப்ப ஸ்கூலுக்குப் போறா, வீட்டுல ஒரு இடத்துல உக்கார மாட்டா. அதை முதல்ல சொல்லிட்டேன்.

முதல் தடவை கண்ணாடிப் பெட்டிக்குள்ள பாத்தப்ப நான் பயந்துட்டேன், உள்ளங்கை அளவு முகம், தோலு செவப்பா, உள்ள ஓடுற நரம்பெல்லாம் தெரியுது, மூக்குல சின்னக் குழாய் வச்சு காத்து அழுத்திக்கிட்டு இருந்தாங்க, சிபாப்புன்னு சொல்வாங்க. காலு என் சுண்டுவிரல் தண்டி. திடீர்னு மூச்சு நின்னு மெசின் கத்தும், நர்ஸ் வந்து உள்ளங்காலை லேசாச் சுண்டி விடுவாங்க, திரும்ப மூச்சு விடுவா. குறைமாசப் பிள்ளைக மூச்சு விடவே மறந்துருமாம், அதுக்குக் காஃபின் மருந்து குடுக்குறாங்க. அந்த மெசின் சத்தம் கேக்குறப்பல்லாம் உங்க வீட்டுக்காரிக்குப் பதறும், முன்னாடியே சொல்லி வைங்க, அது தினமும் நடக்கும், அதைப் பாக்கத்தான் அவங்க இருக்காங்க.

நான் முக்கியமா சொல்ல வந்தது பாலு. ஆபரேசன் முடிஞ்சு எனக்குப் பிபி எறங்கவே இல்ல, தலையத் தூக்க முடியல, ஆனா நர்ஸு வந்து அன்னைக்கே கையால பீச்சி எடுக்கச் சொன்னாங்க. முதல் நாள் வந்தது நாலு சொட்டு, மஞ்சளா பிசுபிசுன்னு. எனக்குக் கூச்சமா இருந்துச்சு இதப்போயி எப்படிக் குடுத்து விடுறதுன்னு, அவங்க அந்த நாலு சொட்டையும் சிரிஞ்சுல எடுத்துக்கிட்டுப் போயி அவ வாய்க்குள்ள தடவுனாங்க. மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை, ராத்திரியும் விடாம எடுக்கணும், எடுக்காம விட்டா சுரப்பு நின்னுரும். முதல்ல குழாய் வழியா ஒண்ணு ரெண்டு மில்லி, அப்பறம் பாலாடையில, ஒவ்வொரு வாயா, கன்னத்து ஓரமா ஊத்தி முழுங்குனாளான்னு பாத்துட்டு அடுத்தது. முழு அஞ்சு மில்லி முழுங்குன அன்னைக்கு நானும் எங்க அம்மாவும் வார்டு வாசல்ல நின்னு அழுதோம். பாலு வரலைன்னா பவுடர் பாலுக்கு உடனே ஓடாதீங்க, மதுரை பெரிய ஆஸ்பத்திரில தாய்ப்பால் வங்கி இருக்கு, கேளுங்க.

அப்பறம் கங்காரு முறை. நெஞ்சோட நெஞ்சா, பிள்ளைக்கு டயப்பரும் தொப்பியும் சாக்ஸும் மட்டும் போட்டு நம்ம மாருக்கு நடுவுல தவக்களை மாதிரி உக்கார வச்சு துணியால கட்டி விடுவாங்க. பகலெல்லாம் அப்படியே சாஞ்சு கெடப்பேன். எங்க வீட்டுக்காரரும் சட்டையக் கழட்டிட்டு வச்சுக்கிட்டார், முதல்ல வெக்கப்பட்டார், அப்பறம் நர்ஸு கேட்டாலும் குடுக்க மாட்டேன்னுட்டார். அண்ணே நீங்க வந்ததும் நீங்களும் செய்யுங்க. என் பிள்ளை என் நெஞ்சுல இருந்தப்ப மெசின் கத்துனது கொறைஞ்சுச்சு, நான் கண்ணால பாத்தது.

முதல் வாரம் எடை கொறையும், 1250ல இருந்து 1130க்கு வந்துட்டா, அதுக்குப் பயந்துறாதீங்க. ஒரு மாசத்துக்குள்ள கண் டாக்டர் பாக்கணும், மறக்கவே கூடாது, எங்களுக்கு வார்டுலயே வந்து பாத்தாங்க. காது டெஸ்ட்டும் உண்டு.

---

பேர்_வேணாம்

நான் இங்க எழுதுறதே இல்ல. இதைப் பாத்துட்டு எழுதாம இருக்க முடியல. எனக்கு 29 வாரம் அப்ப. ரெண்டு நாளா விடாத தலைவலி, கண்ணுக்கு முன்னாடி பூச்சி பறக்குற மாதிரி, அப்பறம் நெஞ்சுக்குழிக்குக் கீழ வலது பக்கம் பிடிச்சு இழுக்குற வலி. போன இடத்துல கேஸ் டிரபுள்னு சொல்லி ஊசி போட்டு அனுப்பிட்டாங்க, பிபி பட்டையைக் கூட கட்டிப் பாக்கல. அன்னைக்கு ராத்திரி வயிறு கல்லு மாதிரி இறுகிப்போச்சு, ரத்தம் போச்சு. நஞ்சு பிரிஞ்சுருச்சுன்னாங்க. பையன். அவன் அழவே இல்ல.

தம்பி உங்க வீட்டுக்காரிக்கு இந்த அறிகுறியெல்லாம் சொல்லிக் குடுங்க. தலைவலி, கண்ணு மங்குறது, மேல் வயித்து வலி, முகமும் கையும் வீங்குறது, பிள்ளை துடிப்பு கொறையுறது, வயிறு இறுகுறது, ஒரு சொட்டு ரத்தம். இதுல ஒண்ணு வந்தாலும் ராத்திரி எத்தனை மணியா இருந்தாலும் நர்ஸை எழுப்பச் சொல்லுங்க. யாரும் திட்டுனா திட்டட்டும். பிபி பாருங்கன்னு வாய்விட்டுக் கேக்கச் சொல்லுங்க. வளைகாப்புக்கு வர்றவங்க பிள்ளை பொறந்தப்பறம் பேர் வைக்க வந்துக்கலாம்.

---

வார்டு_அக்கா

தாயி, நீங்க எழுதுனது இந்தத் திரியிலயே எல்லாரும் படிக்க வேண்டியது. மேல் வயித்து வலிய கேஸுன்னு விடுறது இன்னும் பல இடத்துல நடக்குது. ஈரல்ல வீக்கம் வந்து வர்ற வலி அது, கூடவே ரத்தத் தட்டணுவும் கொறையும். மாசமா இருக்குற பொண்ணு 20 வாரத்துக்கு மேல எந்த வலின்னு வந்தாலும் முதல்ல பிபி பாக்கணும், இது நர்ஸுகளுக்கு நான் சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது.

உங்களுக்கு ஒண்ணு, நீங்க கேக்கல, இருந்தாலும் சொல்றேன். அடுத்து எப்பவாச்சும் தரிச்சா 12 வாரத்துல இருந்தே, எப்படியும் 16 வாரத்துக்குள்ள, குறைஞ்ச அளவு ஆஸ்பிரின் ஆரம்பிக்கணும், டாக்டர்கிட்ட போன தடவை நடந்ததை முதல் செக்கப்புலயே சொல்லிருங்க. கால்சியம் மாத்திரையும் விடாம சாப்பிடணும். திரும்ப வராம இருக்க வாய்ப்பை அது நல்லாவே கூட்டுது. உங்க மகனுக்காக நானும் வேண்டிக்கிறேன்.

---

பள்ளத்தூர்_பொண்ணு

குறுக்க கேக்குறேன் மன்னிச்சுக்கங்க. என் தங்கச்சிக்கு பிபி இல்ல, சுகர்தான் வந்திருக்கு, அந்த குளுக்கோஸ் தண்ணி குடிச்சு ரெண்டு மணி நேரத்துல 168. பிள்ளை நல்ல பெருசா இருக்குதாம். அதனால கவலை இல்லைதானே?

---

வார்டு_அக்கா

கவலைப்பட்டு அழுக வேணாம், ஆனா அசட்டையா இருக்கக் கூடாதும்மா. 140க்கு மேல வந்தாலே சுகர்தான். பிள்ளை பெருசா இருக்குறது நல்லா வளருதுன்னு அர்த்தம் இல்ல, அம்மாவோட சர்க்கரை அதிகமாப் போயி ஊதுது. பொறக்கும்போது தோள் மாட்டிக்கலாம், பொறந்த கொஞ்ச நேரத்துல பிள்ளைக்குச் சர்க்கரை திடுதிப்புன்னு இறங்கும், அதனால பிரசவம் ஆன ஒரு மணி நேரத்துக்குள்ள தாய்ப்பால் குடுத்துறணும், குதிங்கால்ல குத்தி சர்க்கரை பாப்பாங்க, விடுங்க பாக்கட்டும். சாப்பாட்டைக் கட்டுப்படுத்தி ரெண்டு வாரம் பாத்துட்டு எறங்கலைன்னா இன்சுலின் போடச் சொன்னா தயங்காமப் போட்டுக்கச் சொல்லுங்க. பலகாரமும் மாவுருண்டையும் வீட்டுக்கு வந்துக்கிட்டே இருக்கும், நம்ம ஊரு அப்படி, ஆச்சிமாருககிட்ட நீங்களே முன்னாடி சொல்லி நிப்பாட்டுங்க, அந்தப் பிள்ளை வேணாம்னு சொல்ல கூச்சப்படும்.

---

புதுவயல்_மாப்ள

எல்லாருக்கும் கோடி நன்றி. நேத்து ராத்திரியே 108ல மதுரை போயிட்டாங்க. வளைகாப்பைத் தள்ளி வச்சாச்சு, எங்க மாமனார்தான் அடிச்சுப் பேசி கெளப்பி விட்டார், பேர் வேணாம்னு எழுதுன அக்காவோட பதிவை அவருக்கு வாசிச்சுக் காட்டுனேன், அதுக்கு மேல வீட்டுல யாரும் ஒண்ணும் சொல்லல. போய் இறங்குனப்ப பிபி 164/112ஆம். நுரையீரல் ஊசி ரெண்டு போட்டாச்சு, இன்னும் ரெண்டு இருக்கு. வலிப்பு வராம இருக்க வேற ஒரு ஊசி, மெக்னீசியம்னு சொன்னாங்க, அது ஏத்துனப்ப உடம்பெல்லாம் தீயா எரியுதுன்னு போன்ல கத்துனா, எனக்கு உசிரே போயிருச்சு, அது சரிதானா? பிள்ளை துடிப்பு இப்ப நல்லா இருக்குன்னு சொல்றாங்க. நாலு ஊசியும் முடிஞ்சு நாளைக்கு மறுநாள் ஸ்கேன் பாத்துட்டு முடிவு பண்ணுவாங்களாம். எனக்கு டிக்கெட் கெடைச்சிருச்சு, நாளைக்கு ராத்திரி திருச்சில இறங்குறேன்.

இன்னொரு கேள்வி. பொறந்த பிள்ளை நாக்குல முதல்ல இனிப்பு தடவுற சேனை வைக்கணும், தாய்மாமன் வைக்கணும்னு அப்பத்தா தேன் எல்லாம் எடுத்து வச்சிருக்கு. வீட்டுக்கு வந்ததும் என்னென்ன பண்ணலாம் பண்ணக்கூடாதுன்னும் சொல்லுங்க, இப்பவே எல்லார்கிட்டயும் பேசி வச்சிருவேன்.

---

வார்டு_அக்கா

ரொம்ப சந்தோசம் தம்பி, சரியான நேரத்துல போயிட்டாங்க. 164/112ஐ வீட்டுல வச்சிருந்தா என்ன ஆகியிருக்கும்னு நெனைக்கவே பயமா இருக்கு.

எரியுறது சரிதான், மெக்னீசியம் சல்பேட் ஏத்துனா எல்லாருக்கும் அப்படித்தான், முகம் செவந்து உடம்பு தகதகன்னு வரும், கொஞ்ச நேரத்துல அடங்கிரும். 2002ல 10,000 பேருக்கு மேல வச்சுப் பாத்த ஆய்வுல வலிப்பு வர்ற வாய்ப்பை இது பாதிக்குப் பாதி கொறைக்குதுன்னு தெரிஞ்சுச்சு. பிள்ளைக்கும் நல்லது, 32 வாரத்துக்குள்ள பொறக்குற பிள்ளைக மூளைய இது காப்பாத்துது. அளவு கூடிறாம பாக்க முட்டியத் தட்டிப் பாப்பாங்க, யூரின் எவ்வளவு போகுதுன்னு அளப்பாங்க, அதுக்குத்தான் டியூப் போட்டிருப்பாங்க, எடுக்கச் சொல்லி அடம் பிடிக்க வேணாம்னு சொல்லுங்க.

சேனை வேணாம். இதுல மட்டும் நான் இறங்கி வர மாட்டேன். தேன், சர்க்கரைத் தண்ணி, கழுதைப்பால், உரை மருந்து, வசம்பு, எதுவும் நாக்குல படக்கூடாது. உங்க பிள்ளைக்கு உள்ள இருக்கும்போதே குடலுக்கு ரத்தம் கம்மியாப் போயிருக்கு, இந்த மாதிரிப் பிள்ளைகளுக்குக் குடல் அழுகுற நோய் வர்ற ஆபத்து மத்த பிள்ளைகள விட ஜாஸ்தி. நல்லா தேறிக்கிட்டு வந்த பிள்ளை ரெண்டாவது வாரத்துல வயிறு உப்பி, பச்சையா வாந்தி எடுத்து ஒரே ராத்திரில கைவிட்டுப் போனதையும் பாத்திருக்கேன். அதுக்கு நம்மகிட்ட இருக்குற பெரிய காவல் தாய்ப்பால்தான், முதல்ல வர்ற அந்த மஞ்சப்பாலுதான். தேன்ல ஒரு கிருமி இருக்கும், ஒரு வயசு வரைக்கும் எந்தப் பிள்ளைக்கும் குடுக்கக் கூடாது. தாய்மாமன் வைக்கணும்னா அவர் மோதிரத்தை வச்சு வாழ்த்தட்டும், வாயில ஒண்ணும் வைக்க வேணாம். அப்பத்தாகிட்ட அம்மா பாலைத்தான் முதல்ல வைக்கணும்னு டாக்டர் சொல்லிட்டார்னு சொல்லுங்க, கேட்டுக்கும்.

கோட்டையூர் தங்கச்சி சொன்ன கங்காரு முறையை விடாமச் செய்யுங்க. 1978ல கொலம்பியா நாட்டுல பெட்டி பத்தாம இருந்தப்ப ஆரம்பிச்சது, பெட்டிக்கு மாத்தா வந்த ஏழை வைத்தியம்னு ரொம்ப நாள் நெனைச்சாங்க. 2021ல வந்த ஆய்வுல, நம்ம டெல்லி ஆஸ்பத்திரி ஒண்ணும் அதுல இருந்துச்சு, 1 கிலோவுல இருந்து 1.8 கிலோ வரைக்கும் உள்ள பிள்ளைகள, உடம்பு தேறட்டும்னு காத்திருக்காம பொறந்ததுல இருந்தே அம்மா நெஞ்சுல வச்சதுல சாவு 25 சதவீதம் கொறைஞ்சிருக்கு. உங்க பிள்ளை அந்த எடைக்குள்ளதான் வருது. உங்க வீட்டுக்காரிக்கு ஆபரேசன் ஆகி எந்திரிக்க முடியலைன்னா அயித்தை வச்சுக்கலாம், நீங்க வச்சுக்கலாம், குளிச்சுட்டு நகை எல்லாம் கழட்டிட்டுப் போங்க. வார்டுல விட மாட்டேன்னா சண்டை போடாம டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது கேளுங்க.

வீட்டுக்கு வந்தப்பறம், உங்க வீடு வளவு வச்ச பழைய வீடா இருந்தா முன்கூடம் பட்டாசாலைல பிள்ளையப் போடாதீங்க, ஆளு வந்து போயிக்கிட்டே இருப்பாங்க, காத்தும் வீசும். உள்ள ஒரு அறையில வைங்க. சாம்பிராணி புகை, கொசுவத்தி, அடுப்புப் புகை ஒண்ணும் கூடாது, அந்த நுரையீரல் தாங்காது. ரெண்டரை கிலோ ஆகுற வரைக்கும் தலைக்கு ஊத்தி, மூக்குல வாயில ஊதி, கால்ல போட்டு நீட்டிக் குளிப்பாட்டுற வேலையெல்லாம் வேணாம், ஈரத்துணியால தொடைச்சா போதும். தொட வர்றவங்க முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவணும். சளி இருமல் உள்ளவங்கள வாசல்லயே நிப்பாட்டிருங்க, பங்காளியா இருந்தாலும். கண் டாக்டர் பாக்குறது பொறந்து 4 வாரத்துக்குள்ள, தேதி டிஸ்சார்ஜ் சீட்டுல இருக்கான்னு பாருங்க, வீட்டுக்கு வந்த சந்தோசத்துல நெறைய பேர் இதை விட்டுர்றாங்க, கண்ணுல ரத்தக்குழாய் தாறுமாறா வளந்துச்சுன்னா லேசர் வைக்க நாள் கணக்குத்தான் நேரம், விட்டா பார்வை போயிரும்.

---

கோட்டையூர்க்காரி

அக்கா சொன்ன புகை விசயம் நூத்துக்கு நூறு. எங்க வீட்டுல ஒரு நாள் சாம்பிராணி போட்டதுக்கே அவளுக்கு மூச்சு வாங்கி திரும்ப ஓடுனோம். அண்ணே, சின்ன சைஸ் தொப்பி கடையில கெடைக்காது, நான் பின்னுனது மூணு இருக்கு, மதுரைக்குக் குடுத்து விடட்டுமா?

---

புதுவயல்_மாப்ள

குடுத்து விடுங்க தங்கச்சி, என் மச்சான் நாளைக்குக் காலையில பஸ்ல மதுரை போறான், கோட்டையூர்ல வந்து வாங்கிக்குவான். அக்கா, பிள்ளைய எடுத்துட்டா அவளுக்குப் பிபி அதோட நின்னுருமா?

---

வார்டு_அக்கா

உடனே நிக்காது தம்பி, இதை எல்லாரும் மறந்துர்றாங்க. பிரசவம் ஆகி மூணாம் நாள்ல இருந்து ஆறாம் நாள் வரைக்கும் பிபி திரும்ப ஏறும், அந்த நேரத்துல வலிப்பு வர்றவங்களும் இருக்காங்க, எல்லாரும் பெட்டியில இருக்குற பிள்ளையவே பாத்துக்கிட்டு இருப்பாங்க, இவ தலை வலிக்குதுன்னு சொன்னா தூக்கம் இல்லைன்னு விட்டுருவாங்க. நீங்க வர்றீங்கல்ல, உங்க வேலை அதுதான். பிபி மாத்திரைய டாக்டர் சொல்லாம நிப்பாட்டக் கூடாது, பால் குடுக்குறவங்களுக்கும் ஒத்துக்குற மாத்திரை இருக்கு, அதைத்தான் எழுதுவாங்க. திருச்சில இறங்கி வர்ற வழியில கையில கட்டுற பிபி மெசின் ஒண்ணு வாங்கிக்கங்க, மேல்கையில கட்டுறது, மணிக்கட்டுல மாட்டுறது வேணாம். வீட்டுக்கு வந்தப்பறம் ஆறு வாரத்துக்கு காலையிலயும் சாயங்காலமும் பாத்து ஒரு நோட்டுல எழுதுங்க. 150/100 தாண்டுனா அன்னைக்கே டாக்டருக்குப் போன் பண்ணணும், 160/110 தொட்டுச்சுன்னா போன் பண்ணிக்கிட்டு உக்காராம நேரா கூட்டிட்டுப் போயிறணும். நாளைக்கு மறுநாள் ஸ்கேன்ல என்ன சொல்றாங்கன்னு இங்க எழுதுங்க, நான் நைட் டூட்டிதான், பாத்துருவேன்.